நூறு யென்னுக்கு மூன்று நிமிடம்

(ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று நேற்று வட்டத் தலைவர் போனில் கேட்டார். "வீடியோ கேம்" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நம்ம வட்டத்துக்குப் பெரியவங்க நிறைய வருவாங்களே சார்" என்று இழுத்தார். பெரியவர்களுக்காகத்தான் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இந்தக் கூடத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர் இருக்கிறார். மெஸ் நடத்துகிறவர் இருக்கிறார். டியூஷன் எடுக்கிறவர் இருக்கிறார். காசு வாங்கிப் பிழைக்கிற நம் எல்லோரையும் குடைகிற ஒரு கேள்வி இந்தக் கதைக்குள் இருக்கிறது. காசு கொடுத்தவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? எவ்வளவு கொடுத்தால் நியாயம்? எங்கே நிறுத்தினால் அவர் மறுபடி வருவார்?

ஜப்பானில் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களை உருவாக்குகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. நூறு யென்னுக்கு மூன்று நிமிடம். ஒரு நாணயம் போட்டால் சுமாராக மூன்று நிமிடம் ஆட்டம் ஓட வேண்டும். முப்பது நொடியில் முடிந்துவிட்டால் ஆடியவன் "ஏமாத்திட்டான்" என்று போய்விடுவான். அப்புறம் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். அரை மணி நேரம் ஒரே காசில் ஆடிக்கொண்டே இருந்தாலோ, கடைக்காரருக்குக் கரண்ட் பில் கட்டக்கூடத் தேறாது. இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி மூன்று நிமிடம். முடிகிற நொடியில், "சே, கொஞ்சத்துல போச்சே" என்று கை தானாகச் சட்டைப் பைக்குள் போக வேண்டும்.

இந்தக் கணக்கை ஐம்பது ஆண்டுகள் விதவிதமாகப் போட்டுப் பார்த்த ஒரு கம்பெனியின் கதைதான் இன்றைய பேச்சு. கம்பெனியின் பெயர் நாம்கோ.

பெயர் புதிதாக இருக்கிறதா? பெயர்தான் புதிது. ஒரு மஞ்சள் வட்டம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு புள்ளிகளை விழுங்கிக்கொண்டே ஓடுமே, அந்த பேக்-மேன் இவர்கள் வீட்டுப் பிள்ளை. நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கு இன்னொரு அடையாளமும் சொல்லலாம். டிவியில் கேசட் செருகி ஆடினோமே, டேங்க் கேம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குதிரை.

ஆண்டு 1955. போர் முடிந்து பத்து ஆண்டுகள். மசாயா நகமுரா என்ற இளைஞருக்கு வயது 29. படித்தது கப்பல் கட்டும் படிப்பு. தோற்றுச் சிதைந்த நாட்டில் கப்பல் கட்டும் வேலைக்கு எங்கே போவது? அப்பாவுக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில். போருக்குப் பிறகு அங்கே தக்கை வைத்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கியும் செய்து ஓரளவு பிழைத்தார்கள். நிஜத் துப்பாக்கி பொம்மைத் துப்பாக்கி ஆயிற்று. அதைப் பார்த்துத்தான் மகனுக்குத் துணிச்சல் வந்தது. 3 லட்சம் யென் முதல் போட்டு, நகமுரா செய்சாகுஷோ என்று ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். செய்சாகுஷோ என்றால் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகமுரா பட்டறை. அந்தப் பட்டறையின் முதல் சொத்து, குழந்தைகள் ஏறி ஆடும் இரண்டு இயந்திரக் குதிரைகள்.

குதிரைகளை எங்கே வைத்தார்? தெருவோரத்திலா? கோவில் வாசலிலா? யோகோஹாமா நகரத்தில் மாட்சுயா என்ற பெரிய பல்பொருள் அங்காடியின் மொட்டை மாடியில். அந்தக் காலத்து ஜப்பானில் பெரிய கடைகளின் மொட்டை மாடி குழந்தைகளின் ராஜ்யம். கீழே அம்மா துணி எடுப்பார். மேலே பிள்ளை குதிரை ஏறும். நகமுரா தாமே நின்று குதிரைகளைத் துடைத்துப் பளபளப்பாக்கி, வருகிற தாய்மார்களை வணங்கி வரவேற்பார் என்று சொல்வார்கள். கப்பல் கட்டப் படித்தவர், மரக்குதிரைக்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கிறார்!

அந்தக் குதிரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். குழந்தை ஏறுகிறது. குதிரை ஆடுகிறது. குழந்தையின் முகத்தில் முதலில் பயம், அப்புறம் சிரிப்பு. சிரிப்பு முற்றி வருகிற நேரத்தில் குதிரை நின்றுவிடுகிறது. குழந்தை இறங்குமா? இறங்காது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். அந்த அடம்தான் ஐயா வியாபாரம். குதிரை எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

1963-இல் மிட்சுகோஷி என்ற பேர்போன அங்காடி இவரைக் கூப்பிட்டது. தோக்கியோ நிஹோன்பாஷியில் உள்ள தங்கள் கடையின் மொட்டை மாடியில் விளையாட்டுத் திடல் அமைத்துத் தரச் சொன்னது. குதிரை வைத்தார், படம் பார்க்கும் பெட்டி வைத்தார், ஓடும் ரயில் விட்டார். கூடவே ஒரு தங்கமீன் தொட்டியும் வைத்தார். தங்கமீன் அள்ளுவது ஜப்பானியத் திருவிழாக்களில் ரொம்பப் பழைய விளையாட்டு. கையில் ஒரு வளையம் கொடுப்பார்கள். வளையத்தில் மெல்லிய காகிதம் ஒட்டியிருக்கும். அந்தக் காகிதத்தால் தண்ணீரில் நீந்தும் மீனை அள்ள வேண்டும். காகிதம் நனையும், ஊறும், கிழியும். கிழிகிற வரைக்கும்தான் ஆட்டம். அவசரப்பட்டால் உடனே கிழியும். தயங்கித் தயங்கி நின்றால் ஊறிக் கிழியும். கடிகாரம் வேண்டாம், விசில் ஊதி நிறுத்த ஆள் வேண்டாம், காகிதமே கணக்குப் பார்த்துக்கொள்ளும். நூறு யென்னுக்கு மூன்று நிமிடம் என்ற தத்துவத்தை மின்சாரம் இல்லாமலேயே கண்டுபிடித்த ஊர் அது!

மிட்சுகோஷியின் மற்றக் கிளைகளுக்கும் திடல்கள் பரவின. பட்டறை வளர்ந்தது. 1974-இல் பெரிய பாய்ச்சல். அமெரிக்காவில் வீடியோ விளையாட்டை ஒரு தொழிலாக நிமிர்த்திய அட்டாரி கம்பெனிக்கு ஜப்பானில் ஒரு கிளை இருந்தது. கிளை நஷ்டத்தில் தள்ளாடியது, விற்பனைக்கு வந்தது. போட்டிக் கம்பெனி கேட்ட விலையைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொல்லி நகமுரா வாங்கினார். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவணையில் கட்டினார். "மரக்குதிரைக்காரனுக்கு இது தேவையா?" என்று கேட்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

அட்டாரியின் பிரேக்அவுட் என்ற விளையாட்டை நகமுரா ஜப்பானில் இறக்கினார். ஒரு பந்தை மட்டையால் தட்டித் தட்டி மேலே உள்ள செங்கல் சுவரை உடைப்பது. சக்கைப்போடு போட்டது. அதனாலேயே போலிகள் புற்றீசலாகக் கிளம்பின. அமெரிக்காவிலிருந்து கேட்ட அளவு சரக்கு வரவில்லை. ஊர் முழுக்கப் போலி ஓடுகிறது. நகமுரா என்ன செய்தார்? தாமே தயாரித்து விற்கத் தொடங்கினார். அட்டாரி வழக்குப் போட்டது. அவர் செய்தது சரி என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்தச் சிக்கலில் அவருக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும். அடுத்தவர் சமைத்ததை வாங்கிப் பரிமாறிக்கொண்டே இருந்தால், என்றைக்காவது ஒருநாள் பந்தி நடுவில் சோறு தீர்ந்துபோகும். சொந்தமாகச் சமைத்தாக வேண்டும்.

1977-இல் கம்பெனிக்கு நாம்கோ என்று பெயர் மாற்றினார்கள். நகமுரா கேளிக்கை இயந்திரக் கம்பெனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தான் 22 வயதுப் பையன் ஒருவன். பெயர் டோரு இவாதானி. அவனுக்குப் பின்பால் என்றால் உயிர். குண்டு உருட்டி விளையாடும் அந்த மேசைகளைச் செய்யலாம் என்று ஆசையோடு வந்தான். கம்பெனியோ, "வீடியோ விளையாட்டுதான் செய்யப் போகிறோம்" என்றது. சரி என்று இரண்டையும் கலந்து, 1978-இல் ஜீ பீ என்று ஒரு விளையாட்டைச் செய்தான். நாம்கோ சொந்தமாக உருவாக்கிய முதல் வீடியோ விளையாட்டு அது.

அதே 1978-இல்தான் போட்டிக் கம்பெனியான டைட்டோ, ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற பேய்ப் புயலைக் கிளப்பியது. டீக்கடை மேசைகளெல்லாம் விளையாட்டு மேசைகளாயின. அந்த விளையாட்டால் ஜப்பானில் நூறு யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதையை நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். அதற்கு ஆதாரம் கிடையாது. மேடையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும், அதனால் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மறு ஆண்டே நாம்கோ கேலக்சியன் என்று பதில் கொடுத்தது. அதில் எதிரிகள் வரிசையில் சும்மா நகராமல், பருந்து மாதிரி வரிசையை விட்டுப் பிரிந்து நம்மேல் பாய்ந்து வரும். அதுவும் பல வண்ணத்தில்.

இதெல்லாம் சரி. ஆனால் அந்தக் கடைகளுக்குள் யார் இருந்தார்கள்? இளவட்டப் பையன்கள். இருட்டு, சிகரெட் புகை, சுடு சுடு என்ற சத்தம். பெண்கள் எட்டிப் பார்ப்பார்களா? குடும்பத்தோடு போக முடியுமா? மொட்டை மாடியில் தாய்மாரை வணங்கி வரவேற்ற கம்பெனி, இருட்டறைக்குள் பையன்களோடு மட்டும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இவாதானிக்கு இது உறுத்தியது. பெண்களும் ஜோடியாக வருகிறவர்களும் ஆடுகிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும். பெண்களுக்கு எதில் நாட்டம்? சாப்பாட்டில்! அப்படித்தான் யோசித்தேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் அக்கா முறைப்பது தெரிகிறது. நியாயமான முறைப்புதான். சாப்பாட்டில் யாருக்கு நாட்டம் இல்லை? காரணம் கோணல், ஆனால் பிடித்த நூல் நேரானது. சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதைக் கையில் எடுத்த ஆட்டம் பிறந்தது.

பீட்சாவில் ஒரு துண்டை எடுத்ததும் மிச்சம் வாய் திறந்த முகம் மாதிரித் தெரிந்தது, அதிலிருந்து உருவம் வந்தது என்பார்கள். அது பாதி உண்மைதான். வாய் என்பதற்கான ஜப்பானிய எழுத்தின் சதுரத்தை உருண்டையாக்கியதும் சேர்ந்துதான் என்று இவாதானி சொல்லியிருக்கிறார். பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் தமிழில் இரட்டைக்கிளவி இருக்கிறதல்லவா? லபக் லபக் என்று விழுங்கினான் என்கிறோம். ஜப்பானிய மொழியிலும் அந்த மாதிரி ஒலிச்சொற்கள் ஏராளம். வாயைத் திறந்து மூடிச் சாப்பிடுவதற்கு அவர்கள் சொல்வது பாகு பாகு. அதிலிருந்து பக்-மேன். நம் ஊரில் பிறந்திருந்தால் லபக்கு என்று பெயர் வைத்திருப்போம்! அமெரிக்காவுக்குப் போகும்போது மட்டும் பேக்-மேன் என்று மாற்றினார்கள். பக் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை யாராவது விஷமி கொஞ்சம் சுரண்டிவிட்டால், இந்த மேடையில் நான் உச்சரிக்க முடியாத வார்த்தையாகிவிடும் என்ற பயம்.

இப்போது பேய்கள். நான் இன்றைக்கு மேடையேறியதே இந்தப் பேய்களுக்காகத்தான்.

நான்கு பேய்கள். ஒரு புதிர்ப்பாதைக்குள் பேக்-மேனைத் துரத்துகின்றன. நான்கும் ஒரே மாதிரி பின்னாலேயே துரத்தினால் என்ன ஆகும்? ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வரும், சலித்துப்போகும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் வைத்தார்கள். ஜப்பானிய மூலத்தில் பேர் வைத்த விதமே குணத்தைச் சொல்லிவிடும். சிவப்புப் பேய் துரத்துபவன்: நேராக உங்கள் முதுகைக் குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேய் வழிமறிப்பவன்: நீங்கள் இருக்கும் இடத்துக்கு வராது, நீங்கள் போகிற திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீலப் பேய் மனம்போனபடி திரிபவன்: உங்களுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி, சிவப்புப் பேயிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, அதே கோட்டை அந்தப்பக்கம் இன்னொரு மடங்கு நீட்டினால் வரும் இடம்தான் அதன் குறி. சிவப்பு ஒருபக்கம் நெருக்கினால் நீலம் மறுபக்கம் மடக்கும். ஆரஞ்சுப் பேய் இருக்கிறதே, அது ஒன்றும் தெரியாத மாதிரி நடிப்பவன். தூரத்தில் இருக்கும்போது வீரமாகத் துரத்தும். எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். ஆபீசில் இப்படி ஒருவரை எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. நீங்கள் மேல்நோக்கிப் போகும்போது மட்டும் இளஞ்சிவப்புப் பேயின் குறி பிசகிவிடும். நான்கு கட்டம் மேலே என்பதோடு, நான்கு கட்டம் இடப்பக்கமும் தள்ளிப் பார்க்கும். நிரல் எழுதியதில் நேர்ந்த பிழை. யாரும் திருத்தவில்லை. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் அந்தப் பிழையையே சந்தாக்கித் தப்பித்தார்கள்.

அதைவிடப் பெரிய சூட்சுமம் ஒன்று உண்டு. பேய்கள் ஓய்வெடுக்கும்! முதல் கட்டத்தில் ஏழு நொடி அவை தங்கள் தங்கள் மூலைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு இருபது நொடி துரத்தும். மறுபடி ஏழு நொடி ஓய்வு, இருபது நொடி துரத்தல். அடுத்தடுத்த ஓய்வு ஐந்து நொடியாகச் சுருங்கி, கடைசியில் ஓய்வே இல்லாமல் துரத்தும். ஏன் இப்படி? ஓயாமல் நெருக்கினால் மனிதனுக்கு மூச்சு முட்டும், ஆட்டத்தை விட்டே போய்விடுவான் என்று இவாதானி நினைத்தார். அலை அடிக்க வேண்டும், அலை திரும்ப வேண்டும். பேக்-மேனும் ஒரு புள்ளியைத் தின்னும் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நின்றுதான் போகும். சாப்பிட்டுக்கொண்டே ஓடினால் வேகம் குறையத்தானே செய்யும்? அந்தச் சிறிய தாமதத்தில்தான் பேய் நெருங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முதுகில் உறைக்கும்.

முதலாளி நகமுராவுக்கு ஒரு யோசனை. எல்லாப் பேயும் சிவப்பாகவே இருக்கட்டும். பல வண்ணம் வைத்தால் எது நண்பன், எது எதிரி என்று ஆள் குழம்புவான் என்றார். இவாதானி எதிர்த்துப் பேசவில்லை. ஊழியர்களிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். ஒரே நிறம் போதும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. தாளைக் கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தார். முதலாளி விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்த முதலாளியைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

1980 மே 22-ஆம் தேதி, தோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு இடத்தில் சோதனைக்காக வைத்துப் பார்த்தார்கள். பெண்கள் வந்தார்கள், ஜோடிகள் வந்தார்கள். ஜப்பானில் நல்ல வரவேற்பு. அவ்வளவுதான், பூகம்பம் எதுவும் இல்லை. பூகம்பம் அமெரிக்காவில். மிட்வே என்ற கம்பெனி அங்கே இறக்கியது. ஒரு லட்சம் இயந்திரங்கள் என்ற கணக்கில் விற்றன. பாட்டு வந்தது, டிவி கார்ட்டூன் வந்தது, எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வரைபடம் போட்டுப் புத்தகங்கள் வந்தன. புத்தகம் எப்படிச் சாத்தியம்? துரத்தும் பேய்களிடம் குருட்டு அதிர்ஷ்டம் கிடையாது. நீங்கள் அதே வழியில், அதே வேகத்தில் போனால் அவையும் அதே வழியில் வரும். தோற்றால் பழியை இயந்திரத்தின்மேல் போட முடியாது. நம் கைதான் பிசகியது. அதனால்தான் அடுத்த காசு விழுகிறது.

அப்படியே ஜெயித்துக்கொண்டே போனால்? 255 கட்டங்களைத் தாண்டியவர்களும் உண்டு. 256-வது கட்டத்தில் பாதித் திரை குப்பையாகிவிடும், எழுத்தும் எண்ணும் சிதறிக் கிடக்கும், தாண்டவே முடியாது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதே நோய்தான். அந்த இயந்திரம் கட்ட எண்ணை 255 வரைதான் எண்ணும். அவ்வளவு தூரம் ஒருவன் வருவான் என்று செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை.

இவ்வளவு சம்பாதித்துக் கொடுத்த இவாதானிக்குத் தனிப் பரிசு ஏதாவது கிடைத்ததா? கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சம்பளக்காரர், சம்பளம் வாங்கினார். அவர் அதைக் கசப்பில்லாமல்தான் சொன்னார். கேட்கிற எனக்குத்தான் கசக்கிறது.

அடுத்த நான்கைந்து ஆண்டுகள் நாம்கோவுக்குப் பொற்காலம். வேகமாகப் போகிறேன், ஆனால் 1981-இல் வந்த கலாகாவை மட்டும் நின்று பார்த்துவிட்டுப் போவோம். அதில் எதிரி ஒரு ஒளிக்கற்றையை வீசி உங்கள் விமானத்தையே பிடித்துக்கொண்டு போய்விடும். உயிர் ஒன்று போயிற்றே என்று பதறாதீர்கள். பிடித்துப்போன எதிரியை மட்டும் பக்குவமாகச் சுட்டால், உங்கள் விமானம் திரும்பி வந்து பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இப்போது இரட்டை விமானம், இரட்டைக் குண்டு! அதனால் தேர்ந்த ஆட்டக்காரன் என்ன செய்வான்? வேண்டுமென்றே போய் மாட்டிக்கொள்வான். மூன்று உயிரில் ஒன்றைப் பணயம் வைக்கிற அந்த நொடியில் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவனும் மூச்சைப் பிடித்துக்கொள்வான். வேடிக்கை பார்ப்பவனுக்கும் விருந்து வைத்த விளையாட்டு அது.

1982-இல் போல் பொசிஷன் கார்ப் பந்தயம். அடுத்து, மசானோபு எண்டோ உருவாக்கிய ஜீவியஸ். அதில் வெறுந்தரையில் குண்டு போட்டால் திடீரென்று கோபுரம் முளைக்கும். எங்கே போட வேண்டும் என்று தரையைப் பார்த்தால் தெரியாது. 1984-இல் அதே எண்டோ தி டவர் ஆஃப் துருவாகா செய்தார். அறுபது மாடிக் கோபுரம். மாடிக்கு மாடி ஒளித்துவைத்த புதையல். அதை வரவழைக்கும் வழி ஒவ்வொரு மாடியிலும் வேறு வேறு. தனி ஆளாகக் கண்டுபிடிக்கவே முடியாது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? விளையாட்டுக் கடைகளில் நோட்டுப் புத்தகம் வைத்து, இன்ன மாடியில் இப்படிச் செய்தால் பெட்டி வரும் என்று முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிவைத்தார்கள். ஒருவர் போட்ட காசின் பலன் அடுத்தவருக்கு. அந்த ஆண்டிலேயே ஹருவோமி ஹோசோனோ என்ற இசைக்கலைஞர் நாம்கோ விளையாட்டுகளின் ஒலிகளைத் தொகுத்து இசைத்தட்டாகவே வெளியிட்டார். விளையாட்டு இயந்திரத்தின் சத்தத்தை வீட்டில் உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தது என்றால் பாருங்கள்.

சரி, டேங்க் கேம். வீட்டு டிவியில் ஆடும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு 1984 முதல் நாம்கோ விளையாட்டு எழுதிக் கொடுத்தது. அதில் 1985-இல் வந்தது பேட்டில் சிட்டி. அந்தக் கருவியின் நகல்கள்தான் தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தவை. மஞ்சள் கேசட், அதன்மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக ஒரு புளுகு எண், உள்ளே திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுதான். கேலக்சியன், மேப்பி, டிக் டக், டேங்க். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதிச் செருகுவோம். கீழே செங்கல் அரணுக்குள் ஒரு கழுகு இருக்கும். அதைக் காப்பாற்ற வேண்டும். எதிரி சுட்டு அந்தக் கழுகு செத்ததைவிட, என் தம்பி அவசரத்தில் சுட்டுச் செத்ததுதான் அதிகம். அந்தக் கேசட்டுக்கு நம் அப்பாக்கள் கொடுத்த காசில் ஒரு பைசாகூட நாம்கோவுக்குப் போயிருக்காது. பிரேக்அவுட் விஷயத்தில் நாம்கோ செய்ததற்கு எங்கள் தெரு பழி தீர்த்துக்கொண்டது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

நின்டெண்டோவோடு உறவு நீடித்ததா? ஆரம்பத்திலேயே கைகொடுத்தவர் என்பதால் நாம்கோவுக்குச் சலுகை ஒப்பந்தம் இருந்தது. 1989-இல் ஒப்பந்தம் முடிந்தபோது, இனி சலுகை இல்லை, எல்லோருக்கும் உள்ள விதிதான் உங்களுக்கும் என்று நின்டெண்டோ சொல்லிவிட்டது. நகமுரா வெளிப்படையாகவே பொருமினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். அந்தக் காயம் ஆறவில்லை. அதனால்தான் சோனி என்ற புதுக் கடைக்காரர் பிளேஸ்டேஷனோடு வந்தபோது நாம்கோ முதல் ஆளாகப் போய் நின்றது. 1994 டிசம்பர் 3, பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்த அதே நாளில் நாம்கோவின் ரிட்ஜ் ரேசரும் வந்தது.

அந்த ரிட்ஜ் ரேசர் முந்தின ஆண்டு கடைகளில் எப்படி இருந்தது என்று சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அதில் ஒரு பெரிய வடிவம் செய்தார்கள். பொம்மை இருக்கை இல்லை, பொம்மைச் சக்கரம் இல்லை. மாஸ்டா கம்பெனியின் சிவப்பு ரோட்ஸ்டர், நிஜக் கார், அதையே கொண்டுவந்து அகன்ற திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறந்து ஏறி உட்கார வேண்டும். சாவியைத் திருக வேண்டும். கியர் போட வேண்டும். கார் ஓரடிகூட நகராது. ஆனால் திரையில் மலைப்பாதை பறக்கும். 38 ஆண்டுகளுக்கு முன் யோகோஹாமா மொட்டை மாடியில் நின்ற குதிரை இருக்கிறதே, அதுவும் ஓரடிகூட நகராமல்தான் ஓடியது!

வீட்டுக்கு வந்த ரிட்ஜ் ரேசரில் ஒரு சங்கடம். வட்டிலிருந்து விளையாட்டு ஏறுவதற்குச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். வந்தவரைச் சும்மா உட்காரவைப்பதா? நாம்கோ அந்தக் காத்திருப்பில் பழைய கேலக்சியனை ஆடவிட்டது. சாப்பாடு வர நேரமாகும் என்றால் நல்ல மெஸ்காரர் முதலில் அப்பளம் வைப்பார் இல்லையா? அது. ஆனால் அப்பளம் வைக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள்! 2015-இல் அது காலாவதியாகும்வரை மற்றவர்கள் அந்த வழிக்குப் போகத் தயங்கினார்கள். இவர்களிடம் எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனத்தாங்கல் இதுதான்.

இன்னொன்றும் நடந்தது. பிளேஸ்டேஷனுக்குள் இருக்கும் அதே உறுப்புகளைக் கொண்டு கடை இயந்திரத்தையும் செய்தார்கள். டெக்கன் சண்டை விளையாட்டு அதில் ஓடியது. கடையில் ஆடுவது அப்படியே வீட்டிலும் கிடைத்தது. அற்புதம்தான். ஆனால் வீட்டில் கிடைத்துவிட்டால் கடைக்கு எதற்குப் போவது? தன் கையாலேயே நாம்கோ தன் நாணயப் பெட்டியின் வாயை அடைத்தது என்பேன். அதற்கு எதிர்வழியும் தேடினார்கள். வீட்டில் வைக்க முடியாததைச் செய்வோம் என்று 2001-இல் இரண்டு முரசுகளைக் கடையில் வைத்தார்கள். தைக்கோ நோ தத்சுஜின். திரையில் பாட்டு ஓடும். சிவப்பு வந்தால் முரசின் முகத்தில் அடி, நீலம் வந்தால் விளிம்பில் அடி. பேரனும் தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடிக்கலாம். விதிமுறை சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதும். நல்ல அடி, காசுக்குத் தகுந்த அடி.

2005 செப்டம்பரில் நாம்கோவும் பொம்மைக் கம்பெனியான பண்டாயும் ஒன்றாயின. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் பண்டாய் நாம்கோ அதுதான். இவாதானி 2007-இல் கம்பெனியை விட்டுக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினார். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012-இல் முதன்முதலாக வீடியோ விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, அதில் பேக்-மேனும் இருந்தது. நகமுரா 2017 ஜனவரி 22 அன்று, 91-ஆம் வயதில் காலமானார்.

ஒன்று மட்டும் கேட்க ஆசை. அந்த இரண்டு குதிரைகளும் எத்தனை நிமிடம் ஆடின? குழந்தைகள் அழாமல் இறங்குகிற அளவுக்கு வைத்தாரா, அழுகிற அளவுக்கு வைத்தாரா? இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். பிரித்துப் படிக்கத் தேவையில்லை. எனக்குத் தந்த மூன்று நிமிடம் முடிந்து வெகுநேரம் ஆகிறது. குதிரையை விட்டு இறங்குகிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், டீ வருவதற்குள் முடித்துவிடலாம்.